எல்லோரும் ஒரே முகவரியிலிருந்து

இரவு ஒன்று பத்து. ஐரோலி, நான்காம் மாடி.
ஏசி என் கழுத்துக்கு நேராக ஊதுகிறது.
பரேலில் ஓர் ஆஸ்பத்திரி. அதன் டோக்கன் தளம்
இத்தனை நாளும் ஒரு கிழட்டு அப்பாச்சியின் தலையில்.
இன்று அதன் பக்கத்தில் புதிதாக இரண்டு.
மூன்றுக்கும் முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ்:
ஊர் வந்து தட்டும் கதவு இனி அது ஒன்றுதான்.
உள்ளே எத்தனை பேர், எவன் படுத்துவிட்டான்
என்பதெல்லாம் வெளியே தெரியவேண்டாம்.

பதினெட்டு வரி எழுதினேன்.
சேமித்தேன். ஏற்றினேன்.
ஐந்நூற்று இரண்டு.
முன்னால் நிற்பவன் கையை விரித்துவிட்டான்.
எட்டாயிரத்து எண்பதை எட்டாயிரத்து எட்டு என்று அடித்திருக்கிறேன்.
திருத்தினேன். பக்கம் வந்தது, படங்கள் வரவில்லை.
முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு குறைந்ததற்கு
முக்கால் மணி நேரம்.
கேதகி சாவந்த் மராத்தியில் ஏதோ திட்டினாள்,
என்னையா, சாய்கோட்டையா, நான் கேட்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு எல்லாம் ஓடியது.
பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்தோம்.

காலை ஏழுக்கு முன்பதிவு திறக்கும்.
ஏழு மூன்றுக்கு மொத்த பம்பாயும் வெளியே நின்றது.

பதிவேட்டைத் திறந்தால் வரிக்கு வரி ஒரே எண்:
பத்து, சைபர், சைபர், ஐந்து.
பத்து, சைபர், சைபர், ஐந்து.
கல்வாவின் மூட்டுவலி, குர்லாவின் ஏழாம் மாதம்,
விராரில் விடிய விடியக் கொதித்த ஒரு குழந்தை,
எல்லாம் முன்னால் நிற்பவனின் எண்ணில்
கையெழுத்துப் போட்டு உள்ளே போயிருக்கின்றன.
பின்னால் இருந்த காவல் நிரல் பார்த்தது:
ஒரே ஆள், மூன்று நிமிடத்தில் நாலாயிரம் தட்டு.
திருடன்தான்.
தாழ் போட்டுவிட்டது.

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

எங்கள் சந்தில் நாற்பத்தோரு குடும்பம்.
தபாலுக்கும் பார்சலுக்கும் தெரிந்தது ஒரே முகவரி,
ஆபிரகாம் ஐஸ் டிப்போ, தொண்ணூறடி ரோடு.
வங்கி அட்டை, கோர்ட் சம்மன், என் வேலை உத்தரவு,
எது வந்தாலும் ஐஸ் ஒழுகும் அந்த மேசைக்குத்தான் வரும்,
ஓரம் ஊறி.
ஒருவன் பைக் வாங்கித் தவணை கட்டாமல் ஓடினான்.
அந்த வருடம் முழுக்க
நாற்பது வீட்டுக்குக் கடன் இல்லை.
கணினியில் முகவரி சிவப்பாக இருக்கிறது என்றார்கள்.

தீர்வு இரண்டு வரி.
முன்னவன் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையின் நெற்றியிலும்
யாருக்காக வருகிறேன் என்று எழுதவேண்டும்.
பின்னவன் அதைப் படிக்கவேண்டும்.
ஆனால் நெற்றியில் எவனும் எதையும் எழுதிக்கொண்டு வரலாமே.
அதனால் இன்னொரு வரி:
பத்து, சைபர், சைபர், ஐந்து சொன்னால் மட்டும் நம்பு.

ஏழு பத்தொன்பதுக்குத் தாழ் திறந்தது.
முதல் ஆள் டோம்பிவலி. அடுத்தவர் மான்கூர்ட்.
இப்போது அவரவர் எண்.
அந்தப் பதினாறு நிமிடத்தில் எத்தனை பேர்
போனைப் பைக்குள் போட்டுவிட்டு
அடுத்த லோக்கலில் நேரே கிளம்பினார்கள் என்பது
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

"வண்டி சொல்லவா, ஜெபமலர்? எங்கே இறக்கணும்?"
மூன்று வருடமாக ஒரே பதில் வைத்திருக்கிறேன்:
சயான், ஸ்டேஷன் பக்கம்.
அங்கே இறங்கி, வண்டி திரும்பும்வரை நின்று,
பிறகு பாலம் ஏறி நடப்பேன்.
இன்று நாக்கு அதை எடுக்கவில்லை. தூக்கமாக இருக்கலாம்.
"தொண்ணூறடி ரோடு" என்றேன். "ஆபிரகாம் ஐஸ் டிப்போ."
கேதகி தட்டினாள், எழுத்துப் பிழையோடு.
அப்படி ஓர் இடம் இல்லை என்றது செயலி.
"இருக்கு," என்றேன், "வரச் சொல். நான் வழி சொல்கிறேன்."